வடிவாம்பாளின் வெள்ளைப் பொட்டு

காலை ஏழு மணிக்குச் சற்றுப் பிந்தி, உதயகுமார் பூஜை அறையின் பூட்டைத் திறந்து கதவைத் தள்ளினார். சுவரில் வடிவாம்பாள் கிழவியாகியிருந்தாள்.

முந்தின நாள் மாலை அவர் கும்பிட்டுவிட்டுக் கதவைப் பூட்டியபோது அவளுக்கு இருபது வயதுக்கு மேல் மதிக்க முடியாது. அந்தக் குடும்பம் கும்பிடும் முன்னோரில் ஒருத்தி; கண்ணாடித் தகட்டில் எடுத்த படம். நூற்றைம்பது வருஷமாக அதே வயதில் அசையாமல் உட்கார்ந்திருந்தவள், விடிவதற்குள் ஆயுளை முழுதாக வாழ்ந்து முடித்துவிட்டாள். தலைமுடி பஞ்சாக வெளுத்திருந்தது. முகம் கரிக்கட்டை. கண்ணில் வெள்ளை இருந்த இடம் கறுத்து, கருவிழி இருந்த இடம் வெளுத்து, இரண்டு துளைகள் வாசலில் நின்றவர்களை வெறித்தன. எல்லாவற்றையும்விட மோசம், நெற்றி நடுவில் பளிச்சென்று ஒரு வெள்ளைப் பொட்டு.

நாளை மறுநாள் கல்யாணம் வைத்திருக்கும் வீட்டில், வெள்ளைப் பொட்டுக்கு யாரும் உரை எழுத வேண்டியதில்லை.

உதயகுமாருக்குப் பின்னால் மனைவி புவனேஸ்வரி நின்றாள். அவள் கையில் தாம்பாளம். தாம்பாளத்தில் கூறைப்புடவை: மாம்பழ நிறம், அரக்குக் கரை. அவளை ஒட்டிக் கல்யாணப்பெண் திரிஷா. அதற்குப் பின்னால் வாலாஜாபாத்திலிருந்து வந்திருந்த சம்பந்தி, ரைஸ் மில் தினகரன். அவருடைய மூத்த மருமகள் கலைவாணி கடைசியில், தூணோடு தூணாக.

பிள்ளையார்பாளையத்தில் அந்த வீட்டுக்கு ஒரு வழக்கம் உண்டு. காந்தி ரோட்டில் பட்டுக்கடை வைப்பதற்கு முன்னால், தறியில் உட்கார்ந்து நெய்த காலத்திலேயே வந்த வழக்கம். வீட்டில் கல்யாணம் என்றால் கூறையை முதலில் வடிவாம்பாள் முன்னால் வைக்க வேண்டும். விளக்கு நின்று எரிந்தால் சம்மதம். அணைந்தால் கல்யாணம் இல்லை. இரண்டு தலைமுறைக்கு முன் ஒரு முறை அணைந்திருக்கிறது. கல்யாணம் நின்றது. அந்தப் பெண்ணை ஊரில் ஒருத்தரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. வடிவாம்பாள் தீர்ப்புக்கு அப்பீல் கிடையாது.

இந்த முறை விளக்கு வரைக்கும்கூடப் போகவில்லை. அவளே மாறிவிட்டாள்.

“கல்யாணம் வேணாம்னு சொல்றா,” என்றார் உதயகுமார். குரல் அவருடையது போலவே இல்லை.

தினகரன் நெல்லில் கல் பொறுக்கிப் பணக்காரர் ஆனவர். பேய்க்குச் சட்டென்று விலை கொடுக்க மாட்டார். கண்ணாடிக்கு அருகில் போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பினார்.

“சம்பந்தி, இது வேற கண்ணாடி. பழசுக்கு பாம்பேல எவ்ளோ கிராக்கி தெரியுமா? நேத்து ஒரு பொண்ணு வந்து இதை ரிப்பேர் பண்ணிச்சுன்னு சொன்னீங்களே, அது அசலை எடுத்துக்கினு போலியை மாட்டிட்டு போயிருக்குது. பேயுமில்ல, பிசாசுமில்ல. போலீஸைக் கூப்பிடுங்க. கல்யாணம் அது பாட்டுக்கு நடக்கட்டும்.”

அவரே கூப்பிட்டார்.

எட்டு மணிக்கு இன்ஸ்பெக்டர் கமலவேணி வந்தாள். கூடவே கான்ஸ்டபிள் பழனி. கமலவேணியின் அப்பா பட்டுத் தரகர். தரகு வீட்டில் வளர்ந்த பிள்ளைக்கு ஒரு வித்தை தெரியும்: கேட்க வேண்டியதைக் கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்வது. எதிராளிக்கு அந்த அமைதி தாங்காது. தானாகவே விலையைக் குறைப்பான். கமலவேணி அதே வித்தையைக் காக்கிச் சட்டைக்குள் போட்டுக்கொண்டாள், அவ்வளவுதான்.

பூஜை அறைக்குள் முதலில் பழனி எட்டிப் பார்த்தான். பார்த்த வேகத்தில் தொப்பியைக் கழற்றினான். ஏன் கழற்றினான் என்று அவனுக்கே தெரியவில்லை.

அறையில் ஊதுபத்தி வாசனையை மீறி வேறு ஒரு மணம், மரிக்கொழுந்து போல, மெலிசாக.

“அவ மேலேர்ந்துதாங்க வருது,” என்றார் உதயகுமார். “வெயில் ஏறிச்சுன்னா ஜாஸ்தியாவும். சின்ன வயசுலேர்ந்து பார்க்கிறேன். பூவே வைக்காத அன்னிக்கும் வரும்.”

கமலவேணி ஒரு பக்கமாகச் சாய்ந்து பார்த்தாள். ஜன்னல் வெளிச்சம் கண்ணாடியில் பட்ட ஒரு கோணத்தில், கரி முகத்துக்குள்ளிருந்து இளம்பெண் ஒருத்தி எட்டிப் பார்த்துவிட்டு மறைந்தாள். நிமிர்ந்ததும் மறுபடி கிழவி. புடவை ஓரத்தில் இரண்டு பாதங்கள் தெரிந்தன. அவற்றுக்குப் பின்னால் மூன்றாவதாக ஒன்று.

“அது என்ன?”

“மூணாவது கால்னு சொல்லுவாங்க மேடம்,” என்றாள் திரிஷா. “சின்னதுல சாப்பிடலைன்னா அதைக் காட்டித்தான் பயமுறுத்துவாங்க.”

“அது இரும்பு ஸ்டாண்டு,” என்றது வாசலில் ஒரு குரல்.

எல்லோரும் திரும்பினார்கள். கறுப்பு புர்காவில் ஒரு பெண், தோளில் தட்டையான பெட்டியோடு நின்றிருந்தாள். ஒலிமுகமதுபேட்டை ஜரிகைக்கடை ரஷீத்தின் மகள் நஸ்னீன். பழைய கண்ணாடிப் படங்களைப் பழுதுபார்த்துப் பாதுகாப்பது அவள் தொழில். இந்த மாவட்டத்தில் அந்த வேலைக்கு வேறு ஆள் கிடையாது. திரிஷா போன் செய்திருந்தாள். போலீஸ் தேடிப் போவதற்குள் நஸ்னீனே ஸ்கூட்டரில் வந்துவிட்டாள்.

“அந்தக் காலத்துல படம் எடுக்க ரொம்ப நேரம் ஆவும் மேடம். தலை ஆடக் கூடாதுன்னு பின்னாடி இரும்புக் கம்பியில பிடரியைப் பிடிச்சு வைப்பாங்க. அதோட பாதம்தான் அது. வாசனை வார்னிஷ். மருந்து பூசின பக்கம் கீறல் விழாம இருக்க, பிசினும் லாவண்டர் எண்ணெயும் கலந்து பூசுவாங்க. சூடு பட்டா இன்னிக்கும் மணக்கும்.”

“வந்துட்டா பாருங்க,” என்றார் தினகரன். “பெட்டியைப் பிரிச்சுப் பாருங்க மேடம்.”

பழனி பெட்டியைத் திறந்தான். தூரிகைகள், பஞ்சு, காகித நாடா. செல்லரித்துச் சல்லடையாகிப்போன ஒரு பழைய கறுப்புத் துணித் துண்டு. அடியில், மெல்லிய தாளில் சுற்றி, பள்ளிக்கூட நோட்டு அளவில் ஒரு கண்ணாடி.

தினகரன் கையைத் தட்டினார். பழனி தாளைப் பிரித்தான். வெறும் கண்ணாடி. அந்தப் பக்கம் தினகரனின் முகம்தான் தெரிந்தது. அந்த முகம் பேய் முகமாகவே இருந்தாலும், அதைத் திருட்டுப் பொருள் என்று எழுத முடியாது.

“மேல மூடுறதுக்குக் கொண்டாந்த கண்ணாடி. ஒண்ணு உடைஞ்சா இருக்கட்டும்னு இன்னொண்ணு,” என்றாள் நஸ்னீன். பிறகு சுவரைப் பார்த்தாள். அவள் முகத்தில் பயம் வரவில்லை. கோபம் வந்தது. “பின்னாடி இருந்த கறுப்பை எவங்க எடுத்தது?”

“எந்தக் கறுப்பு?” என்றாள் கமலவேணி.

“இந்தப் படத்துல கறுப்பே கிடையாது மேடம். கண்ணாடியில ஈர மருந்து பூசி, அது காயறதுக்குள்ள எடுத்த படம். வெளிச்சம் பட்ட இடத்துல வெள்ளி படிஞ்சிருக்குது. மத்த இடம் வெறும் கண்ணாடி. பின்னாடி கறுப்பு வச்சாதான் வெறும் இடம் கறுப்பாத் தெரியும், வெள்ளி வெளுப்பாத் தெரியும். ஆள் வருவாங்க. கறுப்பை எடுத்துட்டு வெள்ளை வச்சா எல்லாம் தலைகீழா ஆயிடும்.”

“கதை நல்லா இருக்குது,” என்றார் தினகரன்.

கமலவேணி சுவருக்கு அருகில் போனாள். சட்டத்தைச் சுவரிலிருந்து எடுத்தாள். பின்பக்கப் பலகையைப் பிடித்திருந்த சின்னச் சின்னத் தகடுகளை விரலால் திருப்பினாள். ஆணி இல்லை, பசை இல்லை. பலகை கழன்றது. உள்ளே வெள்ளை அட்டை, பட்டுக்கடைகளில் புடவை மடிப்புக்குள் வைக்கிற சாதாரண அட்டை, அளவாக வெட்டியது. அதையும் எடுத்தாள். கையில் கண்ணாடி மட்டும் மிஞ்சியது. அதில் முகமே இல்லை. புகை படிந்தது போல ஒரு கறை.

“ஒரு கறுப்புத் துணி குடுங்க.”

யாரும் அசையவில்லை. மங்கல காரியத்துக்குப் புடவை விற்கிற குடும்பம் அது. கடையில் கறுப்பு வைப்பதில்லை, வீட்டிலும் கிடையாது. அந்த வீட்டுக் குடைகூடக் கத்தரிப்பூ நிறம்.

“அப்படியே பிடிச்சுக்கினு இருங்க மேடம்,” என்ற நஸ்னீன் முன்னால் வந்து, கண்ணாடிக்குப் பின்னால் ஒட்டி நின்றாள்.

அவள் மார்பில், கறுப்பு புர்காவின் மேல், வடிவாம்பாள் வந்தாள். முதலில் கன்னம், பிறகு மூக்குத்தி, பிறகு கண்கள். தண்ணீருக்கு அடியிலிருந்து ஒருத்தி மேலே வருவது போல. இருபது வயது முகம், உதட்டில் சிரிப்பு போன்ற ஏதோ ஒன்று. நஸ்னீன் மூச்சு விட்டபோது வடிவாம்பாளும் மூச்சு விட்டாள். பழனி இரண்டடி பின்வாங்கித் தூணில் இடித்துக்கொண்டான்.

புவனேஸ்வரி கையைக் கூப்பினாள். திரிஷா அழுதாள்.

“அதே கண்ணாடிதான்,” என்றாள் கமலவேணி. “திருட்டு இல்ல.”

தினகரன் சளைக்கவில்லை. வியாபாரத்தில் ஒரு விலை படியாவிட்டால் அடுத்த விலையைச் சொல்கிற வகை.

“சரி, திருடல. ஆனா கறுப்பை எடுத்தது யாரு? எப்படி எடுக்கிறதுன்னு தெரிஞ்சவ இவ ஒருத்திதானே? நல்ல காரியத்தைக் கெடுக்கணும்னே பண்ணியிருக்கா. சம்பந்தி, நீங்க சொல்லுங்க. வடிவாம்பாள் வேணான்னாளா, இல்ல இந்தப் பொண்ணு பண்ண வேலையா? ரெண்டுல ஒண்ணு.”

உதயகுமார் கண்ணாடியைப் பார்த்தார், மகளைப் பார்த்தார், கடைசியில் தரையைப் பார்த்தார். வாக்குக் கொடுத்தவர். பத்திரிகை அடித்து ஊரெல்லாம் கொடுத்தாகிவிட்டது. பேய் என்றால் கல்யாணம் நிற்கும். குற்றம் என்றால் கல்யாணம் நடக்கும், நஸ்னீன் ஸ்டேஷனுக்குப் போவாள்.

“கம்ப்ளெயின்ட் எழுதிக்குங்கம்மா,” என்றார்.

நஸ்னீன் அவரையே பார்த்தாள். “அங்கிள், ரெண்டு வருஷமா இவங்க முகத்துல அம்மை போட்டிருக்குதுன்னு வேப்பிலை கட்டி வச்சிருந்தீங்க. பின்னாடி இருந்த துணியைப் பூச்சி தின்னு, ஓட்டை வழியா வெள்ளைப் பலகை தெரிஞ்சுது, அதான் புள்ளி புள்ளியா இருந்துதுன்னு சொல்லி சரிபண்ணிக் குடுத்தவ நான். என் பேர் ஒரு தடவை ஸ்டேஷன்ல ஏறிச்சுன்னா, அப்புறம் எவங்க தன் வீட்டுப் பெரியவங்களை என் கையில குடுப்பாங்க? எனக்கு வேற தொழில் தெரியாது.”

வெளியே ஜீப் டிரைவர் ரேடியோ போட்டிருந்தார். பழனி போய் அணைத்துவிட்டு வந்தான்.

கமலவேணி கூடத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

“நேத்து எத்தனை மணிக்குப் போனே?”

“ஆறு மணிக்கு மேடம்.”

“அதுக்கப்புறம் படம் நல்லா இருந்துதா?”

திரிஷா போனை நீட்டினாள். “நான் கூட நின்னு செல்ஃபி எடுத்தேன் மேடம். அக்கா போனதுக்கு அப்புறம்.” மாலை ஆறு இருபதுக்கு எடுத்த படம். திரிஷாவின் தோளுக்கு மேல் வடிவாம்பாள் இளமையாக, நெற்றியில் சிவப்புப் பொட்டோடு இருந்தாள். அழகில் கல்யாணப்பெண்ணுக்குப் போட்டி.

கமலவேணி அந்தப் படத்தை விரலால் பெரிதாக்கி நேரம் எடுத்துப் பார்த்தாள். “பழைய படத்துல கலர் எப்படி வந்துது? பொட்டு சிவப்பா இருக்குதே.”

“அது படத்துல இருக்கிறது இல்லீங்க,” என்றாள் நஸ்னீன். “அந்த மருந்துக்குச் சிவப்பு தெரியாது, கறுப்பாத்தான் பதியும். அவங்க பொட்டு படத்துல கறுப்பு.”

“சுமங்கலி நெத்தியில கறுப்புப் பொட்டு ஆகாதுன்னு,” என்றார் உதயகுமார், “தினம் சாயந்திரம் கண்ணாடி மேல அந்த இடத்துல குங்குமம் வைப்போம். எங்கம்மா காலத்துலேர்ந்து.”

“வைக்கிறது யாரு?”

“நான்தான்,” என்றாள் புவனேஸ்வரி.

“எப்படி வைப்பீங்க?”

“சந்தனம் குழைச்சு வச்சு, அதுமேல குங்குமம்.”

“நேத்தும்?”

“நேத்தும்.”

“அப்புறம்?”

“இவர் பூட்டினார்.”

“சாவி?”

“என் தலகாணிக்கு அடியில,” என்றார் உதயகுமார். “அந்தப் பூட்டுக்கு ஒரே சாவி. உடைக்கல, நெம்பல. அதனாலதானேம்மா அவ வேலைன்னு நினைச்சேன்.”

கமலவேணி எழுந்தாள். பூஜை அறைக்குள் போய் ஆணிக்கு நேர் கீழே தரையில் குனிந்து பார்த்தாள். சிவப்பு ஆக்சைடு தரை அல்ல, வெள்ளை டைல்ஸ்; சுத்தம். சட்டத்தின் கீழ்விளிம்பைத் தடவி விரலைப் பார்த்தாள். ஒன்றுமில்லை. விளக்கு மேடை, மணை, ஜமக்காளம். பிறகு மாடியில் நஸ்னீன் வேலை செய்த மேஜை. அதில் விரித்திருந்த வெள்ளைத் துணியை இரண்டு பக்கமும் திருப்பினாள். கீழே வந்து, “கையைக் காட்டு,” என்று நஸ்னீனின் விரல்களைப் பார்த்தாள். அங்கேயும் ஒன்றுமில்லை.

“இந்தக் கறுப்பை எப்படி மாத்தறதுன்னு யாருக்கெல்லாம் சொல்லிக் குடுத்தே?”

“இங்கே மூணு பேருக்கும். நாளைக்கு நான் வச்ச கறுப்பு அட்டை பழசாச்சுன்னா, கண்ணாடியைத் தொடாம இவங்களே மாத்தலாம்னுதான் பசை போடாம வச்சேன். குப்புறக் கவுத்து, தகட்டைத் திருப்பி, உருவ வேண்டியதுதான்.”

“குப்புறக் கவுத்து,” என்றாள் கமலவேணி.

அதோடு பேச்சை நிறுத்திவிட்டாள். நாற்காலியில் உட்கார்ந்து, தாம்பாளத்தில் இருந்த கூறைப்புடவையைப் பார்த்தபடி இருந்தாள். தினகரன் இரண்டு முறை தொண்டையைச் செருமினார். உதயகுமார் துண்டால் கழுத்தைத் துடைத்தார். கலைவாணி தூணை விட்டு நகரவில்லை. பட்டுத் தரகர் வீட்டு மௌனம் கூடம் முழுக்கப் பரவியது.

“கூறையை யாரு தொட்டது?” என்றாள் கடைசியில்.

“நான் கடையிலேர்ந்து கொண்டாந்து இவ கையில குடுத்தேன்,” என்றார் உதயகுமார். “இவ பீரோவுல வச்சா. பொண்ணு முகூர்த்தம் வரைக்கும் தொடக் கூடாது.”

“அதைக் கொஞ்சம் பிரிக்கணும்.”

“ஐயோ, கூறையை முன்கூட்டிப் பிரிக்கிற வழக்கம் இல்லைங்க.”

“எனக்கும் தெரியும்.” கமலவேணி புவனேஸ்வரி பக்கம் திரும்பினாள். குரலை உயர்த்தவில்லை. “அம்மா, வழக்கத்தை நான் மீற மாட்டேன். நீங்க பிரிக்கலாம். இல்லைன்னா விட்டுடலாம், நான் இந்தப் பொண்ணை ஜீப்புல ஏத்திக்கினு போறேன். எது உங்களுக்குச் சரியாப் படுதோ, அது.”

புவனேஸ்வரி நஸ்னீனைப் பார்த்தாள். நஸ்னீன் பெட்டியின் வாரைத் தோளில் மாட்டிக்கொண்டிருந்தாள், போவதற்குத் தயாராக.

புவனேஸ்வரி தாம்பாளத்தை மணையில் வைத்துவிட்டு உட்கார்ந்து, புடவையைப் பிரித்தாள். மேல் மடிப்பு சுத்தம். இரண்டாவது மடிப்பு சுத்தம். உள்ளே, மாம்பழ மஞ்சளின் நடுவில், விரல் நுனி அளவுக்கு ஒரு சிவப்புத் தடம். ஓரத்தில் சந்தனம் காய்ந்து பொருக்கு விட்டிருந்தது.

“கூறைக்குக் குங்குமம் வைக்கிறது வழக்கம்தானே,” என்றார் தினகரன்.

“முனையில வைப்பாங்க,” என்றாள் கமலவேணி. “புடவை வயித்துல யாரும் வைக்க மாட்டாங்க. பிரிச்சாத்தான் தெரியும், அப்படி ஒரு இடத்துல எதுக்கு வைக்கணும்?”

அவள் எழுந்து எல்லோரும் பார்க்கும்படி நின்றாள்.

“காலையில கதவைத் திறந்ததும் வெள்ளைப் பொட்டைப் பார்த்து எல்லாரும் பயந்தீங்க. இருந்த வெள்ளையைப் பார்த்தீங்க, இல்லாத சிவப்பைத் தேடல. பின்னாடி வெள்ளை அட்டை வச்சா படத்துல இருக்கிற கறுப்புப் பொட்டு வெள்ளையாத் தெரியும், நஸ்னீன் சொன்ன கணக்குக்கு அது சரி. ஆனா கண்ணாடி மேல வச்ச குங்குமம்? அது நிஜக் குங்குமம். பின்னாடி எதை மாத்தினாலும் அது மாறாது. அது அங்கேயே இருந்திருந்தா வெள்ளைப் பொட்டே உங்க கண்ணுக்குத் தெரிஞ்சிருக்காது. சாயந்திரம் இருந்துது, போன்ல இருக்குது. காலையில இல்ல. தரையில உதிரல. சட்டத்துல ஒட்டல. அப்போ எதுலயோ அழுந்தி ஒட்டிக்கினு போயிருக்குது. குப்புறக் கவுத்தப்போ.

“வெளி ஆளா இருந்தா தரையில கவுத்திருப்பான். நஸ்னீனா இருந்தா அவ கொண்டாந்த துணியில கவுத்திருப்பா. தரையிலயும் இல்ல, துணியிலயும் இல்ல. வடிவாம்பாள் முகத்தைத் தரையில படுக்க வைக்க மனசு வராத ஆளு இது. ஒருத்தர் உடுத்தின புடவையிலயும் வைக்க மனசு வரல. கடையில ஆயிரம் புடவை இருக்கலாம், வீட்டுல யாரும் உடுத்தாத புடவை நேத்து இது ஒண்ணுதான். அது இருந்த பீரோ ஒருத்தர் கையில. பட்டு வீட்டுக் கை, மடிப்பு பிசகாம திரும்ப மடிச்சிருக்குது, நானே பார்த்துக் கண்டுபிடிச்சிருக்க முடியாது.

“பூட்டு, பூட்டுன்னு சொன்னீங்க சார். சாவி உங்க தலகாணிக்கு அடியில. பக்கத்துத் தலகாணி யாருது?”

உதயகுமார் மனைவியைப் பார்த்தார்.

“நான்தான்,” என்றாள் புவனேஸ்வரி. “அந்தக் கறுப்பு அட்டையை அடுப்புல போட்டுட்டேன்.”

“ஏன்டி?”

“உங்ககிட்ட சொன்னேனே. பத்திரிகை குடுக்க வாலாஜாபாத் போனப்போ, இந்தக் கலைவாணி காபி கொண்டாந்தா. டம்ளரை நீட்டும்போது ரவிக்கைக் கை மேல ஏறிச்சு. முழங்கைக்கு மேல சூட்டுக் காயம். கேட்டேன். அடுப்பு சுட்டுடுச்சுன்னா. அடுப்பு எங்கேயாவது வரிசை பிடிச்சு சுடுமா? அவ புருஷன் பக்கத்துலயே உட்கார்ந்திருந்தான். நம்ம மாப்பிள்ளை அதைக் கேட்டுட்டு சிரிச்சான். வீட்டுக்கு வந்து உங்ககிட்ட சொன்னேன். என்ன சொன்னீங்க? வடிவாம்பாள் முன்னாடி வாக்கு குடுத்தாச்சு, இனிமே மாத்த முடியாதுன்னீங்க.” அவள் குரல் உடையவில்லை. “அவ முன்னாடி குடுத்த வாக்கு. அவதானே திருப்பி வாங்கணும். நாம நிறுத்தினா நம்ம பொண்ணை நாலு விதமா பேசுவாங்க. அவ நிறுத்தினா ஒருத்தரும் வாயைத் திறக்க மாட்டாங்க. முகத்தைக் கவுக்கும்போது மன்னிச்சுக்கோன்னு சொல்லித்தான் கவுத்தேன்.”

தினகரன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். “வீட்டுக்குக் கூப்பிட்டு அவமானப்படுத்தறீங்க. இருக்கட்டும். கலைவாணி, வாம்மா, போலாம்.”

கலைவாணி தூணைப் பிடித்தபடியே நின்றாள்.

“மில்லுக்காரரே,” என்றாள் கமலவேணி, “நீங்க போங்க. வரணும்னா அவங்களே வருவாங்க.”

மறுபடி அதே மௌனம். தினகரன் வாசல் வரை போய்த் திரும்பிப் பார்த்தார். கார் கதவு திறந்திருந்தது.

“நான் வரல மாமா,” என்றாள் கலைவாணி. காலையிலிருந்து அந்த வீட்டில் அவள் பேசிய முதல் வார்த்தை அதுதான். சொல்லிவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்தாள். திரிஷா ஓடிப்போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

“பழனி, மகளிர் ஸ்டேஷனுக்குப் போன் போடு,” என்றாள் கமலவேணி. “ஒரு கம்ப்ளெயின்ட் எழுத வந்தோம். எழுதிட்டே போலாம், ஆள்தான் வேற.”

கார் கிளம்பிப் போகும் சத்தம் தெருமுனை வரை கேட்டது. உதயகுமார் மணையில் பிரிந்து கிடந்த கூறையின் முன்னால் போய் நின்றார். “நீ சொன்னப்பவே நான் கேட்டிருக்கணும்,” என்றார்.

புவனேஸ்வரி எழுந்து நஸ்னீனிடம் வந்தாள்.

“உன்னை இதுல இழுப்பாங்கன்னு சத்தியமா நான் நினைக்கலம்மா.”

“இழுத்தப்போ பார்த்துக்கினு இருந்தீங்களே ஆன்ட்டி.”

“ஆமா.”

“மேடம் புடவையைக் கேட்காம இருந்திருந்தா? என்னை ஜீப்புல ஏத்தியிருந்தா? எப்ப வாயைத் திறந்திருப்பீங்க?”

புவனேஸ்வரி யோசித்தாள். பொய் சொல்ல நேரமிருந்தது, சொல்லவில்லை. “தெரியலம்மா. ஒரு பக்கம் என் பொண்ணு நின்னுக்கினு இருந்தா.”

நஸ்னீன் தலையை ஆட்டினாள், மன்னித்ததற்காக அல்ல, புரிந்ததற்காக. பெட்டியைத் திறந்து மெத்தையான தாளை எடுத்து விரித்தாள். கண்ணாடியை அதில் வைத்து, விளிம்புகளைப் பார்த்து, கீறல் இல்லை என்று உறுதி செய்துகொண்டு சுற்றினாள்.

“கறுப்பு அட்டை என்கிட்ட இன்னொண்ணு இருக்குது. வச்சுத் தரேன். ஆனா இங்கே இல்ல, எங்க வீட்டுல.”

“இந்த வீட்டு வாசலை அது தாண்டினதே இல்லையேம்மா,” என்றார் உதயகுமார்.

“இங்கே போலீஸ் ஜீப் நின்னதை இந்நேரம் எங்க தெருவுல எல்லாருக்கும் சொல்லியிருப்பாங்க அங்கிள். நஸ்னீன் திருடிட்டான்னு எங்க அம்மாகிட்ட வந்து கேட்பாங்க. நான் இதைக் கையில எடுத்துக்கினு போறேன். ஆன்ட்டி வந்து, பட்டப்பகல்ல, எங்க வாசல்ல நின்னு, எல்லாரும் பார்க்க என் கையிலேர்ந்து வாங்கிக்கினு வரட்டும். அது ஒண்ணு போதும் எனக்கு.”

உதயகுமார் வாயைத் திறந்தார். கமலவேணி அவரைப் பார்த்தாள். அவர் மூடிக்கொண்டார்.

“எப்ப வரணும்?” என்று கேட்டாள் புவனேஸ்வரி.

“நாளைக்கு வாங்க.”

“எதுக்கு நாளைக்கு?” என்றவள், முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, வாசலில் தன் செருப்பைத் தேடினாள்.